லாங் பஜார் மாடிக் கடை: முதற்பதிப்புக்கு நம்பிப் போகலாம், கையெழுத்துக்கு லென்ஸோடு போங்கள்

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்தப் பழைய புத்தகக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கீழே விசாரித்தால், "பாய் கடைங்களா, மேல போங்க" என்று கை காட்டுவார்கள். தமிழ் நூல்களின் முதற்பதிப்பைத் தேடுகிறவர்கள் பழைய புத்தகம் தேடிச் சென்னை அல்லிக்குளத்துக்கும் திருவல்லிக்கேணி நடைபாதைக்கும் ரயில் ஏறுமுன் இந்தப் படியில் ஏறிவிடுவது நல்லது. சரக்கின் அளவை வைத்து இதைச் சொல்லவில்லை. கடையே ஒரு நீள அறைதான். வந்த புத்தகத்தை வந்த நிலையிலேயே விற்கிறார்கள். பழைய புத்தக வியாபாரத்தில் இது அபூர்வம்.

ஒரு நூல் எந்தப் பதிப்பு என்பதற்கான சான்றெல்லாம் பெரும்பாலும் கடைக்காரர்கள் 'சுத்தம்' செய்கிற இடங்களில்தான் இருக்கும். தலைப்புப் பக்கத்தின் பின்புறம், பின்னட்டை விளம்பரம், விலை அச்சிட்ட மூலை, முன்தாளில் குத்திய முத்திரை எல்லாம் அப்படிப்பட்டவை. கிழிந்த மேலட்டையைப் பிய்த்துவிட்டு ரெக்ஸின் போடுவார்கள். மஞ்சளடித்த ஓரத்தைக் கட்டிங் மெஷினில் கொடுத்து வெள்ளையாக்குவார்கள். பழைய உரிமையாளரின் பெயரை பிளேடால் சுரண்டுவார்கள். புத்தகம் பளிச்சென்று ஆகும். சேகரிப்பவருக்கு வேண்டியது அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். இந்தக் கடையில் கடைசிப் பக்க மூலையில் பென்சிலால் ஒரு கட்டு எண் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணைக் காட்டினால் நீளக் கணக்கு நோட்டைப் புரட்டி, எந்த ஊரிலிருந்து எந்த மாதம் வந்தது என்று சொல்கிறார்கள். விற்ற வீட்டாரின் பெயரைச் சொல்வதில்லை, அது முறைதான். நமக்கு ஊரும் மாதமும் போதும்.

கட்டு எண்ணின் பயன் இன்னொன்றும் உண்டு. அதே எண்ணில் வந்த மற்ற புத்தகங்களையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே வீட்டு நூல்களில் ஒரே கையால் எழுதிய பெயரும் ஒரே மாதிரி முத்திரையும் இருக்கும். சந்தேகமான ஒரு பிரதியை அதன் உடன்பிறப்புகளோடு வைத்துப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

என்ன கிடைக்கும்

சரக்கு பெரும்பாலும் குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆரணி, வாணியம்பாடிப் பக்கத்து ஆசிரியர் வீடுகளிலிருந்தும் மூடிப்போன வாடகை நூலகங்களிலிருந்தும் வருகிறது. அதனால் 1940களிலிருந்து 1970கள் வரையிலான நாவல், கட்டுரைத் தொகுப்பு, இலக்கிய உரை, சமய நூல் ஆகியவை நிறைய. மு.வ. நூல்கள் அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வாலாஜாப்பேட்டை அருகே வேலத்தில் வளர்ந்து, திருப்பத்தூரில் ஆசிரியராக இருந்தவர் அவர். வட ஆற்காட்டு ஆசிரியர் வீட்டில் அவர் புத்தகம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் மு.வ. புத்தகம் கிடைப்பது வேறு, மு.வ. முதற்பதிப்பு கிடைப்பது வேறு. அவருடைய நூல்கள் அடிக்கடி மறு அச்சானவை. அகல் விளக்கு 1958இல் வந்தது, 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அட்டையிலோ தலைப்புப் பக்கத்திலோ பரிசு பற்றிய வரி அச்சாகியிருந்தால் அது முதற்பதிப்பாக இருக்க வழியே இல்லை. இதைக்கூடக் கவனிக்காமல் விலை பேசி முடிக்கிறவர்கள் உண்டு. 'தாயக வெளியீடு, விற்பனை உரிமை பாரி நிலையம்' என்ற வரி பல பதிப்புகளிலும் தொடர்வதால் அதை மட்டும் நம்பக்கூடாது. முகவரியில் பிராட்வே என்று மட்டும் இருக்கிறதா, பிரகாசம் சாலை வந்துவிட்டதா, ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உண்டா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த மண்ணுக்கே உரிய பெரிய வேட்டை ஒன்று உண்டு. குறுந்தொகை முதன்முதலில் அச்சேறியது வேலூரில். வாணியம்பாடியில் தமிழாசிரியராக இருந்த திருமாளிகைச் சௌரிப்பெருமாள் அரங்கன் உரையெழுதிப் பதிப்பித்து, 1915இல் வேலூர் வித்யாரத்நாகர அச்சுக்கூடத்தில் அச்சிட்டார். உ.வே.சா. பதிப்பு வந்தது 1937இல்தான். சங்க நூல் ஒன்றின் முதல் அச்சு இந்த ஊர் அச்சுக்கூடத்திலிருந்து வெளியானது என்பதை வேலூர்க்காரர்கள் பலரே அறிவதில்லை. அதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. கடையில் அந்த நூல் இல்லை. கேட்டு வைத்தவர்களின் பட்டியல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, நீங்களும் பெயர் எழுதி வைக்கலாம். அந்தக் காலத்து நூல் ஏதேனும் கைக்கு வந்தால் தமிழ் வருஷப் பெயரை மட்டும் பார்த்து ஆண்டைக் கணக்கிட்டுவிடாதீர்கள். அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் ராட்சச வருஷம் 1915-16க்கும் வரும், 1975-76க்கும் வரும். தாளையும் எழுத்தையும் பார்த்துத்தான் எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும்.

பதிப்புப் பக்கத்தைப் படிப்பது

கடையின் முதல் குறை இங்கே இருக்கிறது. பதிப்புப் பக்கத்தில் 'முதற்பதிப்பு' என்ற சொல் இருந்துவிட்டால் அதை அப்படியே முதற்பதிப்பு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நம் பதிப்பகங்களின் வழக்கம் அப்படியல்ல. ஒரு நூல் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால், புதியவர்கள் தங்கள் முதல் அச்சை 'முதற்பதிப்பு' என்றே போடுவார்கள். பத்து ஆண்டுக்கு முன் வேறொருவர் வெளியிட்டதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. முன்னுரையின் அடியில் உள்ள தேதியைப் பாருங்கள். முன்னுரை 1949 என்றும் பதிப்பு 1961 என்றும் இருந்தால், நடுவில் வேறொரு பதிப்பு இருந்திருக்க வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளலாம். 'இரண்டாம் பதிப்பின் முன்னுரை' என்று ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள்.

பதிப்புப் பக்கமே இல்லாத பிரதிகளுக்கு விலைதான் முதல் சாட்சி. 1957 ஏப்ரல் 1இல் தசம நாணயம் வந்தது. 'ரூ. 2-8-0' என்று ரூபாய், அணா, பை கணக்கில் அச்சிட்ட விலை அதற்கு முந்தையது. 'ந.பை.' (நயா பைசா) என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் 1964 ஜூனில் 'நயா' என்ற அடைமொழியை எடுத்துவிட்டார்கள். ஒரு எச்சரிக்கை: அச்சிட்ட விலைக்கும் மேலே ஒட்டிய அல்லது ரப்பர் முத்திரையால் குத்திய விலைக்கும் வித்தியாசம் உண்டு. விற்காமல் தங்கிய பழைய பிரதிக்குப் பதிப்பகத்தார் புது விலை குத்துவது சகஜம். ஒட்டுச்சீட்டின் அடியில் அணா விலை தெரிந்தால் அது பழைய அச்சுதான், சீட்டைப் பிய்க்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் போதும்.

அடுத்தது முகவரி. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. 'சென்னை-1' என்று நின்றால் பெரும்பாலும் அதற்கு முன், '600 001' என்று நீண்டால் நிச்சயமாக அதற்குப் பின். மாநிலத்தின் பெயர் அதிகாரப்பூர்வமாகத் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14இல். எழுத்தும் பேசும். லை, ளை, ணை, னை போன்றவற்றில் பழைய வளைகொம்பு வடிவம் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனால் பழைய அச்செழுத்தை மாற்றக் காசில்லாத சின்ன அச்சகங்கள் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஓட்டின. எதிர்ப்பக்கத்திலும் ஒரு விலக்கு உண்டு: பெரியார் இயக்கத்து வெளியீடுகளில் சீர்திருத்த எழுத்து 1935 முதலே உண்டு. புது எழுத்தைப் பார்த்ததும் பிற்பட்டது என்று ஒரு சுயமரியாதை இயக்க நூலைக் கீழே வைத்துவிடாதீர்கள். கடைக்காரரே அப்படி வைத்த ஒன்றிரண்டு மலிவு விலைப் பெட்டியில் கிடக்கின்றன.

நமது ஊர்ப் புத்தகங்களுக்கு மட்டும் பொருந்தும் ஒரு கணக்கு, மாவட்ட முத்திரை. வட ஆற்காட்டு முத்திரையில் தலைமையிடம் சித்தூர் என்று இருந்தால் 1911க்கு முந்தையது. 'வட ஆற்காடு ஜில்லா', 'வட ஆற்காடு மாவட்டம்' என்பவை அதன் பிறகு 1989 வரை. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தபின் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்', 1990களின் பிற்பகுதியிலிருந்து 'வேலூர் மாவட்டம்', 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி. பள்ளி முத்திரையில் வாணியம்பாடியோடு 'திருப்பத்தூர் மாவட்டம்' என்று இருந்தால் அந்த முத்திரை குத்தப்பட்டது 2019க்குப் பிறகு. முத்திரை நூலின் அச்சு ஆண்டைச் சொல்லாது. புத்தகம் எப்போது யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லும். ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதியைச் சோதிக்கும்போது இது மிகவும் உதவும்.

மறுபதிப்பா, பழைய அச்சை நகலெடுத்ததா என்று சந்தேகம் வந்தால் தாளின் பின்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்துக் கோத்து அச்சிட்டதில் எழுத்துகள் பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும், ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்கே தெரியும். ஆஃப்செட்டில் தாள் வழவழவென்று இருக்கும். இந்தக் கடையில் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார விடுகிறார்கள். அந்த மேசைக்காகவே மதிப்பெண் கூட்டிப் போடலாம்.

முடிவு செய்யும் முன் தமிழ் மின் நூலகத்தில் அந்த நூலின் தலைப்புப் பக்கம் இருக்கிறதா என்று செல்போனிலேயே தேடிவிடுங்கள். விலை உயர்ந்ததாக இருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையும், புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தையும் கேட்டுச் சரிபார்ப்பது நல்லது.

பாரம் எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள்

கடையின் பில்லில் 'முழுமையானது' என்று எழுதித் தருகிறார்கள். அது பக்க எண்ணைக் கடைசி வரை பார்த்து எழுதியது, நடுவில் எண்ணிப் பார்த்ததல்ல. நீங்கள் எண்ணுங்கள். பாரம் என்பது ஒன்றாக அச்சிட்டு மடித்துத் தைக்கும் பக்கங்களின் தொகுப்பு. டெம்மி, கிரௌன் அளவு நூல்களில் பெரும்பாலும் 16 பக்கம் ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் நூலின் பெயர்ச் சுருக்கத்தோடு ஓர் எண் பொடி எழுத்தில் இருக்கும். 17ஆம் பக்கத்தில் 2, 33இல் 3, 49இல் 4, 65இல் 5 என்று ஓடும். சிறிய அச்சகங்களில் 8 பக்கப் பாரமும் உண்டு, அப்போது 9, 17, 25 என்று வரும். இந்த எண்ணை மட்டும் தொட்டுப் போனால் 300 பக்க நூலைச் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். பாரம் மாறித் தைத்திருப்பது, ஒரே பாரம் இரண்டு முறை வந்து இன்னொன்று விடுபட்டிருப்பது இரண்டுமே பழைய பைண்டிங்கில் நடப்பவை. படப்பக்கங்கள் தனித் தாளில் அச்சாகிச் செருகப்பட்டவை என்பதால் பாரக் கணக்கில் வராது. பொருளடக்கத்தில் படப்பட்டியல் இருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள்.

கடையின் இடது மூலையில் பைண்ட் செய்த தொடர்கதைகள் ஓர் அடுக்கு இருக்கிறது. பத்திரிகையிலிருந்து வாராவாரம் பிரித்தெடுத்து வீட்டில் தைத்து வைத்தவை. இவற்றை முதற்பதிப்பு என்று சொல்லமாட்டோம், ஆனால் நூலாவதற்கு முந்தைய முதல் அச்சு இதுதான், ஓவியத்தோடு கிடைப்பதும் இதில்தான். பொன்னியின் செல்வன் கல்கி இதழில் 1950 அக்டோபர் 29இல் தொடங்கி 1954 வரை மணியம் ஓவியத்தோடு வந்தது; அதன் பைண்ட் தொகுதிகள் இன்றும் அவ்வப்போது கைக்குக் கிடைக்கின்றன. பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அத்தியாய எண் தொடர்ச்சி: விடுபட்ட வாரத்தின் இடத்தில், பிறகு வெளியான நூலிலிருந்து பக்கம் கிழித்துச் செருகியிருப்பார்கள், தாளின் நிறமும் எழுத்தின் அளவும் மாறும். இரண்டாவது, பக்க ஓரம்: இதழின் தேதி அச்சான ஓரம் கட்டிங்கில் போயிருந்தால் மதிப்புக் குறைவு. தாள் மலிவானது, மடித்தால் ஒடியும். 180 டிகிரி திறக்க முயலாதீர்கள். இந்த அடுக்கின் விலை நியாயமாக இருக்கிறது, தொகுதி ரூ. 400 முதல் ரூ. 1,200 வரை.

கண்ணாடி அலமாரி

ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதிகள், கடிதங்கள், அஞ்சலட்டைகள் ஆகியவற்றைப் பூட்டிய கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். ரூ. 3,000க்குக் கீழ் எதுவும் இல்லை. கடையின் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்த அலமாரியில் அவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. வீட்டார் சொன்னதை நம்பி வாங்கி, அதே நம்பிக்கையில் விற்கிறார்கள். வாரியார் சுவாமிகளின் ஊரான காங்கேயநல்லூர் பக்கத்திலேயே இருப்பதால் அவருடைய கையெழுத்து என்று சொல்லப்படும் பிரதிகளும், வேலம் காரணமாக மு.வ. கையெழுத்து என்று சொல்லப்படுபவையும்தான் அதிகம்.

முதல் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. கையெழுத்துள்ள பிரதி எந்த ஆண்டு அச்சானது என்று பாருங்கள். கல்கி மறைந்தது 1954 டிசம்பர் 5, பாரதிதாசன் 1964 ஏப்ரல் 21, மு.வ. 1974 அக்டோபர் 10, வாரியார் 1993 நவம்பர் 7. அதற்குப் பின் அச்சான பிரதியில் அவர்கள் கையெழுத்து இருக்க முடியாது. இந்த எளிய கணக்கில் தேறாத ஒரு பிரதி அலமாரியில் இருந்தது. சுட்டிக்காட்டியதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். அதைப் பாராட்ட வேண்டும்.

இரண்டாவது, அச்சான கையெழுத்து. முன்னுரையின் அடியில் ஆசிரியர் கையெழுத்தை பிளாக் செய்து அச்சிடுவது அந்நாளில் பெருவழக்கு. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் அச்சு மையின் நிறம் பக்கத்து எழுத்துகளின் கறுப்போடு ஒத்திருக்கும், கோடு முழுக்க ஒரே அடர்த்தியில் இருக்கும். ஊற்றுப்பேனா எழுத்தில் அழுத்தம் கூடுமிடத்தில் கோடு அகலும், நிப்பின் இரு முனையும் பிரியும் இடத்தில் நடுவே வெளுக்கும், மை தாளின் நாரோடு மிக நுண்மையாகக் கசிந்திருக்கும். ரப்பர் முத்திரையில் மை கோட்டின் விளிம்புக்கு ஒதுங்கி, நடுப்பகுதி வெளிறியிருக்கும்.

மூன்றாவது சோதனைதான் போலியைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பழைய தாளில் புதிதாக எழுதினால், வயதால் பசைத்தன்மை இழந்த தாள் மையை உறிஞ்சி, எழுத்தின் ஓரம் சிலந்திக்கால் போலப் பரவும். மடிப்பைக் கடக்கும் கோட்டைக் கவனியுங்கள்: மடிப்புக்கு முன்பே எழுதியிருந்தால் மை அங்கே உதிர்ந்திருக்கும், மடிந்த பிறகு எழுதியிருந்தால் வெடிப்புக்குள் மை இறங்கித் தேங்கியிருக்கும். பழுப்புப் புள்ளிக்கு மேலே மை ஓடுகிறதா, புள்ளி மையைத் தின்று வளர்ந்திருக்கிறதா என்பதும் அதே மாதிரிச் சான்று. பேனாவின் வகையும் காலத்தோடு பொருந்த வேண்டும். பால்பாயிண்ட் சந்தைக்கு வந்ததே 1940களின் நடுவில். 1938 தேதியோடு பால்பாயிண்ட் கையெழுத்து வந்தால் பேச்சே வேண்டாம்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய தாள் அதில் மங்கலாகவே இருக்கும், பிற்காலத்தில் வெளுப்பான் சேர்த்த தாள் நீலவெள்ளையாக ஒளிரும். நூலின் மற்ற பக்கங்கள் மங்கி, கையெழுத்துள்ள முன்தாள் மட்டும் ஒளிர்ந்தால் அந்தத் தாள் வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்று பொருள். கடையில் விளக்கை அணைத்துத் தருகிறார்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

வெறும் கையெழுத்தை விட, பெயர் சொல்லி 'அன்புடன்' என்று எழுதித் தேதியும் ஊரும் போட்ட பிரதி மேல். பெறுபவரின் பெயர் கட்டு எண்ணில் உள்ள மற்ற நூல்களிலும் இருந்தால் அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. பலர் இதற்கு நேர்மாறாக, 'யாரோ பெயர் எழுதியிருக்கிறதே' என்று விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஒப்பிடுவதற்கு ஒரே ஒரு மாதிரிக் கையெழுத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வயதில் போட்டதும் அறுபதில் போட்டதும் ஒன்றாக இருக்காது, அதே காலத்து மாதிரிகள் மூன்று நான்காவது வேண்டும்.

அஞ்சலட்டைகளில் அஞ்சல் முத்திரையின் தேதி, கடிதத்தில் எழுதிய தேதி, அஞ்சல் தலையின் மதிப்பு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வேலூர் முத்திரை பெறும் ஊருடையதா, அனுப்பிய ஊருடையதா என்று பாருங்கள். சட்டத்தில் இரண்டு விஷயம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, இலக்கிய அல்லது வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடியோ ஆவணமோ 75 ஆண்டுக்குக் குறையாத பழமை உடையதானால் அது தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை விற்கும் தொழில் நடத்த முடியாது. வெளிநாட்டு உறவினருக்குப் பார்சல் அனுப்பவும் கூடாது. கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் சில ஓலைச்சுவடிகள் கிடந்தன. கடைக்காரர் அவற்றை விற்பனைக்கு வைக்காமல் இருப்பதே அவருக்கு நல்லது என்பதை மரியாதையோடு இங்கே சொல்லி வைக்கிறேன். இன்னொன்று, கடிதத்தை விலைக்கு வாங்குவதால் அதை அச்சிடும் உரிமை வந்துவிடாது. அந்த உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது; அவர் வாழ்நாளில் வெளியாகாத கடிதத்துக்கு, அது முதலில் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு வரை நீளும்.

நூலக முத்திரை உள்ளவற்றில் 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையும் கையொப்பமும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் எவ்வளவு அரிய நூலானாலும் விட்டுவிடுங்கள்.

உறையும் பைண்டிங்கும்

கையே வைக்காத கடை ஒரு இடத்தில் மட்டும் தவறுகிறது. விலை கூடிய நூல்களுக்குப் பள்ளி நோட்டுக்குப் போடும் மெல்லிய பிவிசி உறை போட்டு செலோடேப் ஒட்டுகிறார்கள். வேலூர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பிவிசி இளகி அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும், அமில ஆவியும் விடும். செலோடேப்பின் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகும், அதைப் பிறகு எடுக்க முடியாது. வாங்கும்போதே உறையைக் கழற்றச் சொல்லி, டேப் அட்டையில் பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வீட்டில் பாலியெஸ்டர் ஷீட் போட்டுக்கொள்ளலாம்.

கேட்டால் பக்கத்துத் தெரு பைண்டரிடம் கொடுத்து வாங்கித் தருகிறார்கள். அவருடைய கைத்தையல் உறுதியானது, கூலி ரூ. 150 முதல். ஆனால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்காமல் எதையும் ஒப்படைக்காதீர்கள். கட்டிங் வேண்டாம், ஓரம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். பழைய மேலட்டை முன்னும் பின்னும் உள்ளே சேர்த்துத் தைக்கப்பட வேண்டும். முதுகில் துளையிட்டுக் குறுக்கே தைக்காமல் பாரம் பாரமாகத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள் ஓரம் மறைந்து, திறக்கும்போதெல்லாம் தாள் ஒடியும். பசையில் மயில்துத்தம் போடக்கூடாது. பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் துத்தம் கலப்பது நம் பைண்டர்களின் பழைய வழக்கம், பூச்சி வராததும் உண்மைதான். ஆனால் செம்பு உப்பு தாளின் சிதைவை வேகப்படுத்தும். பசை பட்ட இடம் சில பத்தாண்டில் கறுத்து உதிரும். ஃபெவிகாலும் வேண்டாம், பின்னால் பிரிக்க முடியாது. துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை மட்டும் எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் அதே துளை வழியாகத் தைத்தாலே பல நூல்களுக்குப் போதும். லேமினேஷன் என்று யாராவது சொன்னால் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ராமபாணம் என்னும் புத்தகப் பூச்சி துளைத்த நூல்களைக் கடையில் தனியாக வைப்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனதும் மற்றவற்றோடு சேர்க்காமல், பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்க வேண்டாம், திறந்தால் ஈரம் படியும். துளையின் வாயில் புதிய தூள் இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. நாஃப்தலீன் உருண்டையைப் புத்தக பீரோவில் போடாதீர்கள். பீரோவை வெயில் படும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, ஐப்பசி கார்த்திகையில் சிலிக்கா ஜெல் பைகளை மாற்றினாலே போதும்.

விலை, பில், நேரம்

சாதாரண மறுபதிப்புகள் ரூ. 80 முதல் ரூ. 150. 1950களின் முதற்பதிப்பு மேலட்டையோடு ரூ. 600 முதல் ரூ. 2,500. மேலட்டை போய்விட்டால் பாதிக்குக் கேளுங்கள், கொடுக்கிறார்கள். பேரம் உண்டு, ஆனால் குறையைக் காட்டிப் பேசினால்தான் இறங்குகிறார்கள்: "பாய், நாலாவது பாரம் இல்ல, பாருங்க" என்று பக்கத்தைத் திறந்து காட்டினால் உடனே குறைப்பார். பாரம் குறைந்தால் 7 நாளில் பணம் திருப்பித் தருவதாகப் பில்லிலேயே இருக்கிறது. கையெழுத்து போலி என்று தெரிந்தால் திருப்பி எடுப்பதில்லை, கண்ணாடி அலமாரியின் மிகப் பெரிய குறை இது. வாங்கியே தீருவதென்றால் பில்லில் ஆசிரியர், நூல், பதிப்பு ஆண்டு, கட்டு எண் ஆகியவற்றோடு 'ஆசிரியர் கையெழுத்து உள்ளது என்று விற்கப்பட்டது' என்றும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தப் பிரதியை விட்டுவிடலாம்.

காலை 11 மணிக்குத் திறக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் மூடியிருக்கும். புதுக் கட்டுகளைத் திங்கட்கிழமை காலையில் பிரிக்கிறார்கள், உடனிருந்து பார்க்க அனுமதி உண்டு. வெளியூருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறார்கள். பார்சலில் இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, நூலை முதலில் வெள்ளைத் தாளில் சுற்றி, அதன் மேல்தான் பபிள் ஷீட் சுற்ற வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நியூஸ் பேப்பரில் சுற்றிச் சணல் கட்டுவார்கள், சணல் இறுகும் நான்கு மூலையும் நசுங்கி வந்து சேரும்.